காலையில் எடுத்த வண்டி மதியம் எடுக்கவில்லை

நேயர்களுக்கு வணக்கம். சுத்தமாக ஸ்டார்ட் ஆகாத காரைச் சரி செய்வது எங்களுக்குச் சுலபம். மீட்டரை வைத்துப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். ஒன்பது தடவை ஒழுங்காக எடுத்துவிட்டுப் பத்தாவது தடவை காலை வாரிவிடுகிற வண்டிதான் பெரும்பாடு. பட்டறை வாசலுக்கு வந்ததும் அது முதல் சாவியிலேயே எடுத்துவிடும். வண்டிக்காரர் முகம் சுருங்கிப்போகும். "மதியம் சத்தியமா எடுக்கலைங்க" என்பார். நான் அவரை நம்புகிறேன். வண்டி எலக்ட்ரிகல் வேலையில் 25 வருடம் இருந்துவிட்டேன். இப்படிச் சொன்னவர்களில் பொய் சொன்னவர் யாரும் இல்லை.

போன வருடம் ஒரு டீச்சர் வந்தார். 11 வருடம் ஓடிய சின்ன கார். ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றியிருந்தார். பணம் போனதைவிட, கடைத்தெருவில் வண்டி நின்று நாலு பேர் தள்ளியதுதான் அவரை அதிகம் வருத்தியது. ஆனால் அவர் கையில் ஒரு நோட்டு இருந்தது. எந்த நாள், எத்தனை மணி, அதற்குமுன் எவ்வளவு தூரம் ஓடியது, சாவியைத் திருகியபோது என்ன சத்தம் வந்தது என்று ஒவ்வொரு தடவையும் எழுதி வைத்திருந்தார். பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

சத்தம்தான் முக்கியம். ஒரு சத்தமும் இல்லையென்றால் சாவி சுவிட்ச், சாவி திரும்பியதும் மின்சாரத்தை இணைத்துவிடுகிற ரிலே, கிளட்ச்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆக விடுகிற கிளட்ச் சுவிட்ச் பக்கம் போக வேண்டும். "டக் டக் டக்" என்று வரிசையாக அடித்து விளக்கும் மங்கினால், பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது டெர்மினல் லூஸாக இருக்கும். டீச்சரின் நோட்டில் இருந்ததோ ஒரே ஒரு "டக்". ஹெட்லைட் மங்கவில்லை. எல்லாமே எஞ்சின் சூடான பிறகு நடந்தவை.

சாவியைத் திருகும்போதும் விளக்கு மங்காமல் எரிந்தால் பெரும்பாலும் பேட்டரிக்குக் குறையில்லை என்று பொருள். எஞ்சினை முதலில் சுற்றிவிடுகிற செல்ஃப் மோட்டாரிலோ, மின்சாரம் அதுவரை போய்த் திரும்புகிற வழியிலோதான் எங்கோ அடைப்பு. செல்ஃப் மோட்டார் சுற்றும்போது ஏறத்தாழ 150 ஆம்பியர் இழுக்கும். போய்வருகிற பாதையில் 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கே வீணாகிவிடும். மிச்சம் போய்ச் சேருவதை வைத்து மோட்டார் சுற்றத் திணறும்; சில நேரம் சுற்றவே சுற்றாது. ஓம் மீட்டரில் பார்த்தால் இவ்வளவு சின்னத் தடை தெரியவே தெரியாது. அதனால்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

நான் செய்தது இதுதான். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் இன்னொன்றை எஞ்சினின் வெற்று இரும்பிலும் பிடித்தேன். பையன் சாவியைத் திருகினான். நல்ல வண்டியில் 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. இதில் 2.8 காட்டியது. அன்றைக்கு வண்டி ஸ்டார்ட் ஆனது என்பதையும் கவனியுங்கள். கோளாறு வெளியே தெரியாத நேரத்திலும் மீட்டர் அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. எஞ்சினையும் பாடியையும் இணைத்து மின்சாரத்தைத் திரும்ப அனுப்புகிற எர்த் ஸ்ட்ராப்பைக் கழற்றினால், போல்ட்டுக்கு அடியில் பச்சையாகப் பூத்துக் கிடந்தது.

இன்னொரு விஷயம். ஆறு மாதம் முன்பு கிளட்ச் கேபிள் இறுகிப்போய் மாற்றியதாக டீச்சர் பேச்சுவாக்கில் சொன்னார். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. எர்த் சரியில்லாதபோது மின்சாரம் வேறு வழி தேடும். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே ஓடுகிற கேபிள் வழியாகப் பாய்ந்து அதைச் சூடாக்கும். உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் உறை உருகிவிடும். இரண்டு ரிப்பேருக்கும் ஒரே காரணம். புது ஸ்ட்ராப் போட்டு, உட்காருகிற இடத்தை இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து முறுக்கினேன். மீட்டர் 0.15 காட்டியது.

நடுவழியில் இதே சந்தேகம் வந்தால், கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, ஒரு ஜம்பர் கேபிளைப் பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சின் இரும்புக்குப் போட்டுப் பாருங்கள். உடனே எடுத்தால் எர்த்தான் காரணம்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காவிட்டால் கதை வேறு. சாவியை ஆன் செய்ததும் பின்சீட் பக்கம் பெட்ரோல் பம்ப் ஓரிரு வினாடி முனகும். அது கேட்கிறதா பாருங்கள். பம்ப் முனகுகிறது, வண்டி சூட்டில் மட்டும் நிற்கிறது, அரை மணி ஆறினால் எடுத்துவிடுகிறது என்றால், எஞ்சின் சுற்றுவதைக் கவனித்துச் சொல்கிற கிராங்க் சென்சார் மேல்தான் எனக்கு முதல் சந்தேகம். அதன் உள்ளே இருக்கிற மெல்லிய கம்பிச் சுருள் சூட்டில் விலகி, ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பல வண்டிகளில் அந்த நேரம் செல்ஃப் சுற்றினாலும், எஞ்சின் சுற்று வேகத்தைக் காட்டுகிற ஆர்பிஎம் முள் அசையாமல் கிடக்கும். அடுத்த தடவை நின்றால், சாவியைத் திருகிக்கொண்டே அந்த முள்ளைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.