நட்பு போட்ட திரை

நடுவர் அவர்களே, வியாசர்பாடியில் இந்த மாலையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். “தலைவர்களின் நட்பு நாடுகளின் உறவுக்கு வலிமையா, திரையா?” என்ற தலைப்பில், திரையே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் நேருவுக்கும் பர்மியப் பிரதமர் ஊ நூவுக்கும் இருந்த நட்பைச் சொன்னார். 1949இல் பர்மாவின் சிறுபான்மை இனத்தவரான கரேன் கிளர்ச்சியாளர்கள் தலைநகர் ரங்கூனை நெருங்கிவிட்டபோது ஊ நூவின் ஆட்சிக்குக் கைகொடுத்தவை இந்தியா அனுப்பிய ஆயுதங்கள் என்றார். மறுக்கவில்லை. ஆட்சி பிழைத்தது, அந்த ஆட்சியின்கீழ் வாழ்ந்த நம்மவர்களின் நிலமும் தொழிலும் பிழைத்தனவா?

1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது. கொடுத்த கடன் திரும்பாமல் கைக்கு வந்த நிலம் அது என்பதால், பர்மிய உழவருக்கு மனக்கசப்பு இருந்ததில் வியப்பில்லை. அவர்கள் பக்கத்து நியாயத்தை நான் மறைக்கப் போவதில்லை. 1948இல் பர்மா நில தேசியமயச் சட்டம் இயற்றியது. அந்த நிலத்துக்கு என்ன விலை, குடியுரிமை வாங்காமலிருக்கும் இந்தியர்களின் கதி என்ன என்பவற்றை உட்கார்ந்து பேசி முடித்திருக்க வேண்டிய காலம், இரு தலைவர்களும் மிக நெருங்கியிருந்த 1950கள்தான். 1951இல் நட்புறவு உடன்படிக்கை கையெழுத்தானது. 1955இல் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் பாண்டுங் மாநாட்டைக் கூட்டிய ஐந்து நாடுகளில் இந்தியாவும் பர்மாவும் இருந்தன. ஆனால் கடன்காரரிடம் கறாராகக் கேட்டுவிடலாம், சம்பந்தியிடம் கேட்க நாக்கு எழுமா? கேட்டால் உறவு கசக்கும் என்ற தயக்கத்தில் கணக்கு முடியாமலே கிடந்தது.

1962 மார்ச் 2ஆம் நாள் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றி ஊ நூவைச் சிறையில் அடைத்தார். தனிமனிதரை நம்பிய நட்பும் அவரோடு உள்ளே போனது. 1964இல் கடைகள் அரசுடைமையாயின. மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. அதே மாதம் 27ஆம் நாள் நேருவும் மறைந்தார். அந்த ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள்.

என் பாட்டி அந்தக் கப்பல்களில் ஒன்றில் சென்னைத் துறைமுகம் வந்தவர். ரங்கூனில் ஏறும்போது காதுத் தோட்டையும் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். துளை தூர்ந்துவிடாமலிருக்க ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டு, அதே காதோடு இந்த வியாசர்பாடிக்கு வந்து சேர்ந்தார். இன்று நாம் வரிசையில் நின்று வாங்கித் தின்னும் பர்மிய நூடுல்ஸான அத்தோவும் அந்தக் கப்பல்களில் வந்ததுதான். அதை நட்பின் பரிசு என்று எதிரணியினர் சொல்லாதிருக்கட்டும்.

நிலத்துக்கான இழப்பீட்டை ஒப்பந்தமாக எழுதி வைத்திருந்தாலும் நே வின் கிழித்திருப்பார் என்பார்கள். கிழித்திருக்கலாம். கிழிப்பதற்கு ஒரு தாளாவது இருந்திருந்தால், அதைக் காட்டி உலக அரங்கில் உரிமையோடு இழப்பீடு கேட்டிருக்கலாமே!

நடுவர் அவர்களே, சிறையிலிருந்து வெளிவந்து பின்னர் நாட்டைவிட்டும் வெளியேறிய ஊ நூவுக்கு இந்தியா புகலிடம் தந்தது. 1980 வரை அவர் போபாலில் வாழ்ந்தார். நண்பருக்குச் செய்ய வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. அவர் அங்கே இருந்த அந்த ஆண்டுகளில் அவருடைய நாட்டிலிருந்து வந்த நம்மவர்கள், கடற்கரை ரயில் நிலையத்தையொட்டிய சாலையோரத்தில், பர்மா பஜார் என்று பெயர் வாங்கிய வரிசையில், கடை விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.