போர்ட்டல் சிரை அழுத்தமும் குழந்தையின் இரைப்பையும்

அனைவருக்கும் வணக்கம். போர்ட்டல் ஹைப்பர்டென்ஷன், அதாவது கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் கூடுவது என்றதும், உணவுக்குழாயில் புடைத்து நிற்கும் வேரிசஸ் எனும் வீங்கிய சிரைகளும், அவை வெடித்து வரும் ரத்த வாந்தியும்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். நியாயம்தான், உயிருக்கு உடனடி ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதே அழுத்தம் இரைப்பையையும் கெடுக்கிறது. அதைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

இரைப்பை, குடல், கணையம், மண்ணீரல் இவற்றிலிருந்து வடியும் ரத்தம் நேரே இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் போய்விட்டு, அப்புறம்தான் இதயத்துக்குத் திரும்புகிறது. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த வழியில் வருவதுதான். வழியில் எங்காவது தடை விழுந்தால், பின்னால் இருக்கும் உறுப்புகள் எல்லாவற்றிலும் ரத்தம் தேங்கும். மண்ணீரல் வீங்குவது கைக்குத் தட்டுப்படும். இரைப்பைச் சுவர் ரத்தம் கட்டிக் கிடப்பது வெளியே தெரியாது.

பெரியவர்களிடம் மதுவும் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் பெரிய காரணங்கள். குழந்தைகளின் கதை வேறு. பித்தநாளம் அடைபட்டுப் பிறக்கும் குழந்தைகளில் பலருக்கு, குடலைக் கல்லீரலோடு இணைத்துப் பித்தம் வடிய வழி செய்யும் கசாய் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இந்த அழுத்தம் வருகிறது. பிறவியிலேயே வரும் கல்லீரல் நார்த்திசுப் பெருக்கம், உடலில் செம்பு சேரும் வில்சன் நோய் ஆகியவையும் உண்டு. இன்னொன்று, போர்ட்டல் சிரையே கல்லீரலுக்கு வெளியே அடைபட்டுப் போவது. பச்சிளம் பருவத்தில் தொப்புளில் ஏற்பட்ட தொற்றோ, தொப்புள் சிரையில் போட்ட குழாயோ சிலரிடம் காரணமாக இருக்கும். பலரிடம் காரணமே கிடைக்காது. இந்தக் குழந்தைகளின் கல்லீரல் நன்றாகவே வேலை செய்யும். ஓடி விளையாடுவார்கள். அதனால்தான் நோய் பிடிபடத் தாமதமாகிறது.

சரி, எண்டோஸ்கோப்பியில் என்ன தெரியும்? இரைப்பையின் மேல்பகுதியிலும் நடுப்பகுதியிலும் உட்சவ்வு பாம்புத் தோல் போலக் கட்டம் கட்டமாக இருக்கும். நோய் முற்றினால் அதன்மேல் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். இதற்குப் பெயர் போர்ட்டல் ஹைப்பர்டென்சிவ் கேஸ்ட்ரோபதி. அந்தச் சவ்வை நுண்ணோக்கியில் பார்த்தால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து கிடக்கும். அழற்சி பெரிதாக இருக்காது. அமிலம் அரித்த புண் இல்லை இது. அதனால் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை அடிப்படைப் பிரச்சினையைத் தொடுவதே இல்லை. மண்ணீரல் பெருத்து, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்த ஒரு குழந்தைக்கு ‘வயிற்றுப்புண்’ என்று எழுதி அந்த மாத்திரையை மாதக் கணக்கில் கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

இந்த இரைப்பை பெரும்பாலும் திடீரென்று கொட்டாது, கசியும். குழந்தை வெளுக்கும், சோர்ந்து போகும், இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறாது. மலம் பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கலாம். இரும்பு மருந்தும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால் பெற்றோர் குழம்புவார்கள். ரத்தம் கலந்த மலம் தார் போல ஒட்டும், பளபளக்கும், நாற்றம் தாங்காது.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. உணவுக்குழாய் வேரிசஸை வளையம் போட்டுக் கட்டிவிடுகிறோம். அழுத்தம் அப்படியே இருப்பதால், சில குழந்தைகளுக்கு இரைப்பைக் கோளாறு அதன்பின் கூடுகிறது. இரைப்பையின் மேல்முனையிலும் வேரிசஸ் வரலாம். அங்கே பொதுவாக வளையம் பயன்படாது. பசை மருந்தை ஊசி வழியாகச் செலுத்த வேண்டியிருக்கும். உணவுக்குழாய் சுத்தமாக இருந்து மேல்முனையில் மட்டும் வேரிசஸ் இருந்தால், மண்ணீரல் சிரை அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மருந்தென்று பார்த்தால், இதயத் துடிப்பையும் போர்ட்டல் அழுத்தத்தையும் குறைக்கும் ப்ரோப்ரனலால். பெரியவர்களிடம் இது பலன் தருவது நிரூபணமாகியிருக்கிறது. குழந்தைகளிடம் ஆதாரம் மெலிது. ரத்தம் இழக்கும் சின்னக் குழந்தை இதயத் துடிப்பைக் கூட்டித்தான் சமாளிக்கும். இந்த மருந்து அதைத் தடுத்துவிடும். ஆஸ்துமா இருந்தால் வேண்டவே வேண்டாம். அவசரத்தில், குடல் பகுதிக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும் ஆக்ட்ரியோடைடும் ஆன்டிபயாடிக்கும் கொடுப்போம். ரத்தம் ஏற்றும்போது ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 7, 8 கிராம் அளவில் நிறுத்துவது நல்லது. அள்ளி ஏற்றினால் அழுத்தம் கூடி மறுபடி ரத்தம் வரும்.

அழுத்தம் இறங்கினால் இரைப்பையும் தேறும். கல்லீரலுக்கு வெளியே மட்டும் அடைப்புள்ள குழந்தைக்கு, தடையைத் தாண்டிக் கல்லீரலுக்குள்ளேயே ரத்தத்தைத் திருப்பிவிடும் ரெக்ஸ் பைபாஸ் இருக்கிறது. உள்ளே இடது போர்ட்டல் சிரை திறந்திருந்தால்தான் அது முடியும். கல்லீரலே சிதைந்துபோனவர்களுக்குக் கடைசியில் மாற்று அறுவை சிகிச்சை.

பெற்றோருக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். சளி, காய்ச்சல் சமயத்தில்தான் இந்தக் குழந்தைகளுக்கு ரத்தப்போக்கு அதிகம் வருகிறது. அந்த நேரத்தில் இப்யூபுரூஃபனோ ஆஸ்பிரினோ கொடுக்காதீர்கள், இரைப்பைச் சவ்வை அவை மேலும் பலவீனமாக்கும். எடைக்கு ஏற்ற அளவில் பாரசிட்டமால் போதும். கல்லீரல் நோய் இருந்தால் அந்த அளவையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தார் போல மலம் போனாலோ ரத்த வாந்தி எடுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.