சாட்பாட் யோசிக்கிறதா? எழுதிப் பாருங்கள், கேட்டுப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பிள்ளைகள் வீட்டுப்பாடத்துக்கும், பெரியவர்கள் மனு எழுதவும் இப்போது கைப்பேசியில் சாட்பாட்டைத்தான் கேட்கிறார்கள். "அது யோசித்துத்தானே பதில் சொல்கிறது?" என்ற கேள்வியும் கூடவே வருகிறது. விடை தேடுகிறவர்கள் முதலில் பழைய பாணி சாட்பாட் ஒன்றைத் தமிழில் தாங்களே எழுதிப் பார்க்கவேண்டும். பைத்தான் என்ற நிரல்மொழி தெரிந்தால் நூறு வரி போதும்.

1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலைசா என்ற நிரல்தான் முன்மாதிரி. நாம் தட்டும் வாக்கியத்தில் முக்கியச் சொல்லைத் தேடும். 'நான்' என்பதை 'நீங்கள்' ஆக்கிக் கேள்வியாகத் திருப்பிவிடும். ஒன்றும் சிக்காவிட்டால் "மேலே சொல்லுங்கள்" என்னும். அவ்வளவுதான். ஆனாலும், அந்த நிரல் உருவானதை அருகிலிருந்து பார்த்த வைசன்பாமின் செயலாளரே, அதனுடன் பேசும்போது அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம்.

தமிழில் வேலை கூடுதல். ஆள் யாரென்பது வினையின் விகுதியில் இருப்பதால், 'போகிறேன்' என்பதைப் 'போகிறீர்கள்' ஆக்க ஒரு விதி வேண்டும். அதை எல்லாச் சொல்லுக்கும் ஓடவிட்டால், 'தேன் வாங்கினேன்' என்பது 'தீர்கள் வாங்கினீர்கள்' என்று வந்து நிற்கும். கடைசிச் சொல்லுக்கு மட்டும் போட்டால் சரியாகிவிடும், யாராவது 'எனக்குப் பிடித்தது தேன்' என்று எழுதும்வரை. அப்புறம் விதிவிலக்குப் பட்டியல்தான். அடுத்தது சந்தி. 'எனக்கு' என்று தேடினால் 'எனக்குத்' அகப்படாது. ஒப்பிடும் முன் கடைசி க், ச், த், ப் ஆகியவற்றை வெட்டிவிடுங்கள். 'என்' என்பதை 'உங்கள்' ஆக்கிவிட்டு, அடுத்த வரியில் 'உங்கள்' என்பதை 'என்' ஆக்கினால், மாற்றியதெல்லாம் பழையபடி திரும்பிவிடும். சொல் சொல்லாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரே தடவைதான் மாற்றவேண்டும்.

தேன் இனிக்கும் என்பது இந்த நிரலுக்குத் தெரியாது. பேச்சு மட்டும் ஓடுகிறது.

இன்றைய சாட்பாட்டுக்கு யாரும் இப்படி விதி எழுதுவதில்லை. ஏராளமான எழுத்தைப் படித்து, அடுத்து எந்தச் சொல்துண்டு வரும் என்று கணிக்கப் பழகியது அது. தேனில் தடுக்கி விழாது. கணினியியல் முன்னோடி அலன் டூரிங், இயந்திரம் யோசிக்குமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு 1950-இல் எழுதினார்: ஐம்பது ஆண்டில், ஐந்து நிமிடம் கேள்வி கேட்ட சராசரி ஆள், பேசுவது மனிதரா இயந்திரமா என்று சரியாகச் சொல்லும் வாய்ப்பு 70 விழுக்காட்டைத் தாண்டாது. ஆனால் பேச்சை நம்பிவிடுவது நமக்கு எவ்வளவு சுலபம் என்பதை எலைசாவே காட்டிவிட்டது. ஐந்து நிமிடப் பேச்சை அளவுகோலாக என்னால் ஏற்கமுடியவில்லை.

ரப்பர் தோட்டத்து உதாரணம் ஒன்றால் இப்படிச் சோதியுங்கள். (பால் மரம் என்பது ரப்பர் மரம், பெரட்டு காலை ஆள்கணக்கு, லயம் தொழிலாளர் குடியிருப்பு, மங்கு பால் சேரும் கிண்ணம்.) "விடியற்காலை மழை. பெரட்டுக்குப் போனவர்கள் பால் மரம் சீவாமல் லயத்துக்குத் திரும்பினார்கள். ஏன்?" ஈரப்பட்டையில் பால் வெட்டுக்கோட்டில் நிற்காமல் பரவி வழியும், மங்கில் மழைநீர் சேரும் என்று பதில் வரவேண்டும். வந்தாலும் உடனே நம்பவேண்டாம். புதிய உரையாடலைத் திறந்து, மழையை மாலை நான்கு மணிக்குத் தள்ளி, அன்று காலை மரம் சீவியிருப்பார்களா என்று கேளுங்கள். பிறகு பால் மரத்தைச் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆக்குங்கள். அங்கே குலைதான் வெட்டுவார்கள், ஈரப்பட்டைக் காரணம் பொருந்தாது. பழைய பதிலையே ஒப்பித்தால் அது காரணத்தைப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணமும் சரியாக மாறினால், அதை வெறும் கிளிப்பிள்ளை என்று ஒதுக்க எனக்கு மனம் வராது.

பதில் தவறினால், மங்கு, பெரட்டு என்ற தோட்டத்துச் சொற்களை எடுத்துவிட்டு, பால் சேரும் கிண்ணம், காலை ஆள்கணக்கு என்று விரித்து எழுதி மறுபடி கேளுங்கள். சொல் தெரியாதது வேறு, காரணம் தெரியாதது வேறு. நன்றி, வணக்கம்.