கப்பல் கூலி இலவசமாம்!

நேயர்களுக்கு வணக்கம். சீனாவிலிருந்து நம்மூருக்குக் கண்டெய்னரில் சரக்கு கொண்டுவர என்ன செலவாகும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். சுங்கத்தில் சரக்கை விடுவித்துக் கொடுக்கிற க்ளியரிங் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். மதுரையில் என்னைப் பார்க்கிற கடைக்காரர்கள் நலம் விசாரித்த கையோடு கேட்பதும் இதைத்தான். "அண்ணே, இப்ப கண்டெய்னர் என்ன ரேட்டு போகுது?"

இதற்கு யாராவது பட்டென்று ஒரே எண்ணைப் பதிலாகச் சொன்னால் கொஞ்சம் உஷாராக இருங்கள். அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. ஷாங்காயில் ஏற்றித் தூத்துக்குடியில் இறக்குகிற கடல் கூலியை மட்டும் சொல்கிறார். உங்கள் சரக்கு மாசி வீதிக்கு வந்து சேர வேண்டும். நடுவில் துறைமுகத்தில் பெட்டியைத் தூக்கி வைக்கிற டி.எச்.சி. கூலி, சரக்கை விடுவிக்கக் கப்பல் கம்பெனி தருகிற டெலிவரி ஆர்டருக்குக் கட்டணம், பெட்டியை வைத்துப் பிரிக்கிற சி.எஃப்.எஸ். யார்டு வாடகை, சுங்க வரி, என்னைப் போன்றவனின் கூலி, மதுரைக்கு 150 கிலோமீட்டர் லாரி வாடகை, அப்புறம் காலிப் பெட்டியைத் திரும்பக் கொண்டுபோய் ஒப்படைக்கிற செலவு என்று ஒரு வால் நீண்டுகொண்டே போகும். கடல் கூலி தலை மட்டும்தான். நான் இன்று சொல்ல வந்ததே இந்த வாலைப் பற்றித்தான். நடுவில் வேறு எங்கே போனாலும் இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

தலையையும் முதலில் பார்த்துவிடுவோம். கடல் கூலி காய்கறி விலை மாதிரி ஏறி இறங்கும். ஷாங்காயிலிருந்து கிளம்பும் பெட்டிகளின் கூலியைக் கணக்கிட்டு அங்கே வாராவாரம் ஒரு குறியீட்டு எண் வெளியிடுகிறார்கள். 2009-இல் அதை 1,000 என்று வைத்துத் தொடங்கினார்கள். 2022 ஜனவரியில் அது 5,100-ஐத் தாண்டியது. கொரோனாக் காலத்தில் பெட்டிகளெல்லாம் தப்பான ஊர்களில் மாட்டிக்கொண்டன, துறைமுகங்களில் ஆளில்லை, சரக்குக்கோ கிராக்கி. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அதே எண் 1,000-க்குக் கீழே விழுந்தது. அப்புறம் ஏமனின் ஹூதி படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தார்கள். ஐரோப்பா போகிற கப்பலெல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக வேண்டி வந்தது. 2024 ஜூலையில் மறுபடி 3,700.

செங்கடலுக்கும் சீனா - தூத்துக்குடி வழிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நேரடியாக ஒன்றும் கிடையாது. ஆனால் சுற்றிப் போகிற கப்பல் திரும்பி வர அதிக நாளாகும், அதே வேலைக்குக் கூடுதல் கப்பல் வேண்டும். அந்தக் கப்பலை நம் பக்கத்திலிருந்து உருவிக்கொண்டு போவார்கள். இங்கே கப்பல் குறைந்தால் கூலி ஏறும். அவ்வளவுதான் விஷயம்.

இன்னொன்றும் கேட்பார்கள். சீனாவிலிருந்து வரும்போது ஒரு கூலி, இங்கிருந்து போகும்போது அதைவிடக் குறைவு, கடல் ஒன்றுதானே? மாட்டுத்தாவணிக்குக் காய் இறக்க வந்த லாரி ரிட்டர்ன் லோடு கிடைத்தால் பாதி வாடகைக்கும் ஒத்துக்கொள்ளும், இல்லையா? அதே கதைதான். நாம் சீனாவிலிருந்து வாங்குவது மிக அதிகம், அங்கே அனுப்புவது குறைவு. வந்த பெட்டிகள் பல காலியாகவே திரும்புகின்றன. காலியாகப் போவதைவிட ஏதாவது கிடைத்தால் போதும் என்று கப்பல் கம்பெனி நினைக்கும். ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு இது நல்ல செய்தி. இறக்குமதிக்காரர்களுக்கு அப்படியில்லை. பெட்டி காலியாகத் திரும்புகிற செலவும் அவர்கள் தலையில்தான் வந்து விழும்.

சரி, இப்போது வாலுக்கு வருவோம். ஒரு பெட்டியை ஒருவரே நிரப்பினால் எஃப்.சி.எல். பல பேருடைய சரக்கைச் சேர்த்து ஒரே பெட்டியில் அடைத்தால் எல்.சி.எல். மதுரைக் கடைக்காரர்களில் நிறையப் பேர் இந்த இரண்டாவது வகை. இதில் கூலி கன மீட்டர் கணக்கு. ஒரு கன மீட்டரா, ஒரு டன்னா, எது அதிகமோ அதற்குத்தான் காசு. அரை கன மீட்டர் அனுப்பினாலும் பெரும்பாலும் ஒன்றுக்கு வாங்கிவிடுவார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், அலமாரிக் கைப்பிடியும் கீலும் வரவழைத்தார். போனில் ஒரே குஷி. "அண்ணே, கப்பல் கூலி ஜீரோவாம்ணே! சீனாக்காரனே போட்டு அனுப்புறானாம்." தம்பி, டெஸ்டினேஷன் சார்ஜ், அதாவது சரக்கு இறங்குகிற இடத்தில் போடுகிற கட்டணம், எவ்வளவு என்று எழுதி வாங்கினாயா என்று கேட்டேன். "அதெல்லாம் வழக்கமா வர்றதுதானேண்ணே" என்றார்.

சரக்கு தூத்துக்குடி வந்தது. சரக்கு வந்ததையும் கட்ட வேண்டியதையும் சொல்கிற அரைவல் நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். நேயர்களே, அந்தத் தாளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், வரிக்கு வரி ஒரு கட்டணம். டி.எச்.சி. ஒரு வரி, டெலிவரி ஆர்டர் ஒரு வரி, பெட்டியைப் பிரித்துச் சரக்கைத் தனித்தனியாக எடுத்து வைத்ததற்கு ஒரு வரி, பெட்டியைக் கழுவியதற்கு ஒரு வரி, டாலர் மதிப்பு மாறினால் சரிக்கட்ட ஒரு வரி, காலிப் பெட்டி நஷ்டத்துக்கு ஒரு வரி. முக்கால்வாசி வரிகள் டாலரில், அதுவும் கன மீட்டருக்கு இவ்வளவு என்று. எல்லாவற்றுக்கும் மேல் ஜி.எஸ்.டி. கூட்டிப் பார்த்தால் சரக்கின் விலையில் கால்வாசி வந்து நிற்கிறது. கட்டாமல் டெலிவரி ஆர்டர் கிடையாது. யோசிக்கிற ஒவ்வொரு நாளுக்கும் யார்டு வாடகை வேறு ஓடும். தம்பி கட்டினார்.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. சீனாவில் சரக்கைச் சேர்த்துக் கொடுக்கிற ஏஜென்டுக்கு, இங்கே இருக்கிற ஏஜென்ட் கன மீட்டருக்கு இவ்வளவு என்று எதிர்ப்பணம் கொடுப்பது உண்டு. அதனால்தான் அங்கே கூலி பூஜ்யம் ஆகிறது, சில நேரம் பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. கொடுத்த பணத்தை உங்களிடம்தான் வசூல் பண்ணியாக வேண்டும். வேறு யாரிடம் போவார்?

இலவசக் கப்பல் கூலி நம் கரைக்குப் புதிதும் இல்லை. இதைச் சொல்லாமல் என்னால் தாண்டிப் போக முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். 1906-இல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். அதன் தலைவர் யார் தெரியுமா? பாண்டித்துரைத் தேவர். 1901-இல் நம் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினாரே, அவரேதான். வ.உ.சி. என்றாலே தூத்துக்குடி என்று சொல்லிவிடுகிறோம், இதில் மதுரைக்கும் பங்கு உண்டு என்பதைப் பல பேர் மறந்துவிடுகிறார்கள்.

ஆரம்பத்தில் சொந்தக் கப்பல் கிடையாது, வாடகைக்குத்தான் பிடித்தார்கள். அதே வழியில் கப்பல் விட்ட வெள்ளைக்காரக் கம்பெனி நெருக்கடி கொடுத்து, வாடகைக்கு விட்டவர்கள் அந்தக் கப்பலைத் திருப்பி வாங்கிக்கொள்ள வைத்தது. வ.உ.சி. கொழும்பு போய் வேறொரு கப்பலைப் பேசிக் கொண்டுவந்தார். அப்புறம்தான் காலியா, லாவோ என்கிற இரண்டு சொந்தக் கப்பல்கள் வந்தன. காலியாவில் 1,300 சாதாரண வகுப்புப் பயணிகளும் 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கூட்டம் சுதேசிக் கப்பல் பக்கம் திரும்பியது. வெள்ளைக்காரக் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது. இவர்கள் எட்டணா என்றார்கள். உடனே அவர்கள், டிக்கெட்டே வேண்டாம், சும்மா ஏறுங்கள், ஆளுக்கொரு குடையும் தருகிறோம் என்றார்களாம்!

குடை! இந்தக் குடையை நான் சொல்லாத இடமில்லை. ஏற்றுமதி பயிற்சி வகுப்பில் சொல்லியிருக்கிறேன், கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன், என் பேரன் பேத்திகள் "தாத்தா, குடையா?" என்று எழுந்து போய்விடுவார்கள். அந்தக் குடையை வாங்கியவர்களைக் குறை சொல்லவில்லை. குடைக்கு ஆன செலவை ஏதோ ஒரு கணக்கில் ஏற்றித்தான் வைத்திருப்பார்கள் என்கிறேன். 1908-இல் வ.உ.சி.யைச் சிறையில் அடைத்தார்கள். 1911-இல் கம்பெனியை மூடினார்கள். அவர் 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது ஓட்டுவதற்குக் கப்பல் இல்லை.

இன்றைக்கும் சீனாவிலிருந்து வருகிற பெட்டி பல நேரம் கொழும்பில் இறங்கி, ஃபீடர் என்கிற சின்னக் கப்பலுக்கு மாறித்தான் தூத்துக்குடி வருகிறது. வ.உ.சி. போட்டி போட்ட அதே வழி. அடிமாட்டுக் கூலி கப்பல் கம்பெனிகளையும் சும்மா விடுவதில்லை. பல ஆண்டு மலிவுக் கூலிக்குப் பிறகு 2016 ஆகஸ்ட் கடைசியில் தென்கொரியாவின் ஹான்ஜின் கப்பல் கம்பெனி கடனைக் கட்ட முடியாமல் நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டது. துறைமுகத்துக்குள் வந்தால் கப்பலைப் பறிமுதல் செய்துவிடுவார்களோ என்று சரக்கோடு நடுக்கடலில் நின்ற கப்பல்கள் உண்டு.

எனக்குக் கொடுத்த நேரம் பெரும்பாலும் குடையிலேயே போய்விட்டது. மீதியை வேகமாகச் சொல்கிறேன்.

வாங்கும்போது எஃப்.ஓ.பி. விலை கேளுங்கள். அதாவது கப்பலில் ஏற்றுகிறவரை விற்பவர் பொறுப்பு, அதற்குப் பிறகு நீங்களே ஏஜென்டைத் தேர்ந்தெடுப்பீர்கள். டெஸ்டினேஷன் சார்ஜ் முழுவதையும் சரக்கு ஏறுவதற்கு முன்னாலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 15 கன மீட்டரை நெருங்கினால் இருபதடிப் பெட்டி முழுதாக என்ன விலை என்று விசாரியுங்கள், பல நேரம் அதுவே கட்டுப்படியாகும். சுங்க வரி சரக்கு விலையோடு கப்பல் கூலியையும் காப்பீட்டையும் சேர்த்துத்தான் போடுவார்கள். கூலிக்குச் சரியான கணக்கு இல்லையென்றால் எஃப்.ஓ.பி. விலையில் 20 சதவீதத்தைக் கூலியாக எடுத்துக்கொள்வார்கள், ஆகவே ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முழுப் பெட்டி எடுத்தால் ஃப்ரீ டேஸ், அதாவது வாடகை இல்லாமல் பெட்டியை வைத்திருக்கலாம் என்கிற நாள், எத்தனை என்று முதலிலேயே கேளுங்கள். அதைத் தாண்டினால் பெட்டிக்கு வாங்குகிற டிட்டென்ஷன் கட்டணம் பொங்கல் லீவிலும் ஓடும்.

காப்பீடு பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன். 2025 மே மாதம் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சி போன எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் 640 பெட்டிகளோடு மூழ்கியது. 2021-இல் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் என்கிற கப்பல் மாட்டியபோது அது மூழ்கவில்லை, ஆனாலும் கப்பலை மீட்ட செலவில் சரக்குக்காரர்களும் பங்கு கொடுக்க வேண்டியிருந்தது. காப்பீடு செய்தவர்களுக்கு அதைக் காப்பீட்டுக் கம்பெனி பார்த்துக்கொண்டது, மற்றவர்கள் கையிலிருந்து கட்டினார்கள். பிரீமியம் சின்னத் தொகைதான், கட்டிவிடுங்கள். மணி அடிக்கப் போகிறார்கள், வணக்கம்.