16 பியானோலாக்களும் ஒரு காகிதச் சுருளும்

நேயர்களுக்கு வணக்கம். ஜார்ஜ் ஆன்தைல் என்ற அமெரிக்க இளைஞர் 1924இல் பாரிஸில் 'பாலே மெக்கானிக்' என்ற இசையை எழுதினார். அதற்கு அவர் கேட்டது 16 பியானோலாக்கள், அதாவது துளையிட்ட காகிதச் சுருளைக் கொண்டு தானே வாசிக்கும் பியானோக்கள். நான்கு தனி இசைப் பகுதிகள், பகுதிக்கு நான்கு கருவிகள். கூடவே சைலஃபோன்கள், பெரிய முரசுகள், மின்மணிகள், ஒரு சைரன், விமான விசிறிகள். 1926இல் பாரிஸ் மேடை ஏறியபோது பியானோலா ஒன்றுதான் இருந்தது. மற்ற பியானோலாக்களின் பகுதிகளைப் பியானோக் கலைஞர்கள் கையால் வாசித்தார்கள். 16 ஏன் ஒன்றானது? கருவியைத் திறந்து பார்த்தால் புரியும்.

பியானோலாவின் காகிதச் சுருள் 11¼ அங்குல அகலம். 1908இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் கூடிய உற்பத்தியாளர்கள் அங்குலத்துக்கு 9 துளை, மொத்தம் 88 சுரம் என்று வரையறுத்தார்கள். மிதிகட்டையை மிதித்தால் துருத்திகள் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சும். காகிதம் ஒரு பித்தளைச் சட்டத்தின் மேல் நகர்கிறது. அதில் ஒரு துளை வந்ததும் வெளிக்காற்று குழாய்க்குள் பாய்ந்து ஒரு தோல் சவ்வை உப்பச் செய்யும். சவ்வு வால்வைத் தூக்கும். சிறு துருத்தி ஒன்று சுருங்கி, பியானோவின் சுத்தியலை இயக்கும். துளை கடந்ததும் குழாயில் மிஞ்சிய காற்று வெளியேற ஊசிமுனை அளவில் ஒரு கசிவுத் துவாரம் உண்டு. காகிதத் தூசி அதை அடைத்தால் சுரம் நிற்காமல் பிடித்துக்கொள்ளும். ஒரே சுரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப அடிக்கவும் முடியாது.

இனி வேகம். கருவியின் வேக அளவுகோலில் 70 என்று வைத்தால் காகிதம் நிமிடத்துக்கு 7 அடி ஓடும். அதை இழுப்பதும் காற்றால் சுழலும் ஒரு மோட்டார்தான். இழுக்கும் உருளையில் காகிதம் சேரச் சேர உருளை தடிக்கும், காகிதம் வேகம் பிடிக்கும். மழைக்காலத்தில் காகிதம் ஈரம் குடித்து அகலும், துளைகள் விலகும். இரண்டு கருவிகளுக்கிடையே வேகம் நூற்றில் ஒரு பங்கு மாறினாலே ஐந்து நிமிட முடிவில் 3 விநாடி வித்தியாசம் வந்துவிடும். துடிதுடிக்கும் தாளத்தில் 3 விநாடி என்பது பல அடிகள்.

ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியும் இங்கேதான் தடுக்கினார். 1917இல் பியானோலாவுக்கென்றே ஒரு பயிற்சி இசை எழுதியவர் அவர். 1919இல் 'லே நோஸ்' என்ற தன் திருமண இசைக்குப் பியானோலா, ஹார்மோனியம், இரண்டு சிம்பலோம் (குச்சியால் தட்டி வாசிக்கும் தந்திக் கருவி) என்று அமைத்தார். இயந்திரத்தையும் கைக்கலைஞர்களையும் ஒத்திசைய வைப்பது கடினம் என்று பாதியில் விட்டார். 1923இல் அது நான்கு பியானோக்களுக்கு மாறியது. இழப்புதான் என்பேன், அந்த 1919 அமைப்பின் கரடான நிறம் பியானோக்களில் இல்லை.

சிக்கலை வேறு பக்கமாகத் திருப்பியவர் இசையமைப்பாளர் கான்லன் நான்காரோ. மெக்சிகோ நகரில் குடியேறி, 1947இல் நியூயார்க்கில் காகிதச் சுருளில் துளையிடும் கருவி ஒன்றை வாங்கினார். எத்தனை வேகங்கள் மோதினாலும் எல்லாவற்றையும் ஒரே சுருளில் துளையிட்டால் அவை விலகவே முடியாது. பியானோலாவுக்கு அவர் எழுதிய 21ஆம் பயிற்சி இசையில் ஒரு இசை இழை வேகம் கூட்டிக்கொண்டே போகிறது, மற்றது குறைத்துக்கொண்டே போகிறது. இரண்டும் நடுவில் சந்திக்கின்றன. எந்த மனிதக் கையும் வாசிக்க முடியாத அந்தச் சந்திப்பைத் தவறாமல் கேளுங்கள்.

ஆன்தைலின் 16 பியானோலாக்களுக்கு 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று மாசசூசெட்ஸில் ஒலித்தவை கணினி இயக்கிய பியானோக்கள். அவற்றில் காகிதம் இல்லை, துருத்தியும் இல்லை.