ஷெனாய் கேட்டால் யார் செத்தது?

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

எங்கள் பாட்டிக்குப் படம் பார்க்கிற வழக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் படம் ஓடும்போது நாங்கள் எல்லோரும் கூடத்தில், அவள் அடுக்களையில். திடீரென்று உள்ளேயிருந்து குரல் வரும்: "யாருடி போயிட்டா?" திரையில் அப்போதுதான் யாரோ கண்ணை மூடியிருப்பார்கள். சேதி சொன்னது ஷெனாய். அது இழுத்து இழுத்து அழ ஆரம்பித்தால் என்ன அர்த்தம் என்று தமிழ்ப் படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காத அவளுக்கும் தெரிந்திருந்தது.

பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு டெல்லி போயிருந்தோம். மண்டப வாசலிலேயே ஷெனாய். எங்களோடு வந்திருந்த ஓர் அம்மாள் மெதுவாக என்னிடம், "என்ன சார், நல்ல நாளும் அதுவுமா..." என்று இழுத்தார். பெண்வீட்டார் முகத்திலோ பூரிப்பு. நமக்கு நாகஸ்வரம் எப்படியோ, வடக்கே அவர்களுக்கு ஷெனாய் அப்படி. மங்கல வாத்தியம். கல்யாண வாசலில் வாசித்துக்கொண்டிருந்ததைக் கச்சேரி மேடையில் உட்காரவைத்தவர் காசியில் வாழ்ந்த பிஸ்மில்லா கான். 2001இல் அவருக்குப் பாரத ரத்னா கொடுத்தார்கள். அந்த வாத்தியத்தைத்தான் நாம் இழவு வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

ஏன்? என் ஊகத்தைச் சொல்கிறேன், மறுப்பவர்கள் பிறகு சண்டைக்கு வரலாம். அழுவதுபோல் ஒலிக்கிற ஒரு குழல் நம் இசையமைப்பாளர்களுக்கு வேண்டியிருந்தது. நாகஸ்வரத்தை எடுத்தால் ரசிகனுக்குத் தாலியும் மாலையும் ஞாபகம் வரும். அதேபோலச் சீவாளியை, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் நாக்கைக் கொண்ட குடும்பத்தில், ஆனால் நம் ஊரில் பழைய ஞாபகம் எதுவும் ஒட்டாததாக, ஷெனாய் அகப்பட்டது.

அப்படியானால் எல்லாமே வெறும் பழக்கமா? இல்லை. 1960இல் ஹிட்ச்காக் 'சைக்கோ' எடுத்தபோது, குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேட்கவில்லை, எழுதிக்கொண்டுவந்தார். படம் முழுக்கத் தந்தி வாத்தியங்கள் மட்டும்தான். அந்தக் காட்சியில் வயலின்கள் உச்சத்தில் கீச்சிடும். கேட்டபிறகு ஹிட்ச்காக்கே மனம் மாறினார். அந்தக் கீச்சலுக்குப் பயப்பட எந்த ஊர்ப் பழக்கமும் தேவையில்லை. திடீரென்று வருகிற கூர்மையான சத்தத்துக்கு உடம்பு தானாகத் துள்ளும், கைக்குழந்தைகூடத் துள்ளும். துள்ளுவது உடம்பின் வேலை. ஆனால் துக்கமா, கல்யாணமா என்று பிரித்துச் சொல்வது தெரு கற்றுத்தந்த பாடம்.

தெரு என்று சும்மா சொல்லவில்லை. புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் பாடுகிறார்: "ஓரில் நெய்தல் கறங்க, ஓரில் ஈர்ந்தண் முழவின் பாணி ததும்ப". ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. பூச்சூடிய பெண்ணும் கண்ணீர் வடிக்கும் பெண்ணும் அடுத்த வரிகளில்தான் வருகிறார்கள். முதலில் காது, அப்புறம்தான் கண். தெருமுனை திரும்புமுன்பே எந்த முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. சிரித்துக்கொண்டே வருகிறவன் சாவு வீட்டுத் தப்பு மேளம் கேட்டதும் சைக்கிளை விட்டு இறங்குகிறான்.

கெட்டிமேளத்தையும் யோசித்துப் பாருங்கள். தாலி ஏறும் நேரத்தில் ஒரு பெரியவர் ஆட்காட்டி விரலை ஆட்டுவார், தவிலும் நாகஸ்வரமும் பிய்த்து உதறும். தும்மலோ அபசகுனச் சொல்லோ காதில் விழக்கூடாது என்பதற்காக என்பார்கள். அதாவது நம் முன்னோர் இசையால் ஒரு திரை போட்டிருக்கிறார்கள். எதைக் கேட்கக்கூடாது என்றுகூட இசையே முடிவு செய்திருக்கிறது.

போன மாதம் ஒரு பரிசோதனை செய்தேன். பழைய படம் ஒன்றின் சாவுக் காட்சியை ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன். கதாநாயகர் தலை சாய்ந்தது, அம்மா மார்பில் அடித்துக்கொண்டார். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அதுவரை கண்ணில் படாததெல்லாம் பட்டது: சுவரில் தேதி கிழிக்காத நாட்காட்டி, செத்தவரின் மூச்சில் லேசாக ஏறி இறங்கும் சட்டைப் பொத்தான், அம்மாவின் புடவையில் கலையாத இஸ்திரி மடிப்பு.

அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பாட்டி இருந்திருந்தாலும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டாள்.