கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லையா? டிரைவரைத் தொடாதீர்கள், முதலில் பச்சைக் கோட்டைப் பாருங்கள்

[திரையில்: வீடியோ ஓடுகிறது, சத்தம் இல்லை]

வணக்கம். படம் ஓடுகிறது, வாய் அசைகிறது, சத்தம் மட்டும் இல்லை. நேற்று இரவு வரை ஒழுங்காகப் பாடிய அதே கம்ப்யூட்டர்தான். இந்த நேரத்தில் பலரும் செய்வது, எடுத்த எடுப்பில் டிரைவரை, அதாவது ஒலிக் கருவியை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருளை, அழித்துவிட்டு மறுபடி போடுவது. நானும் ஒருமுறை அப்படி ஒரு சாயங்காலத்தையே தொலைத்தேன், கடைசியில் பார்த்தால் ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் குமிழை யாரோ கடைசி வரை திருகிக் குறைத்து வைத்திருந்தார்கள்.

அதனால் குமிழ், ஸ்பீக்கரின் பவர் விளக்கு, கீபோர்டில் மியூட் பட்டன், இந்த மூன்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஸ்பீக்கர் வயர் பச்சைத் துளையில் இருக்க வேண்டும். இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து உள்ளே வரும் ஒலிக்கு. மேசைக்கு அடியில் குனிந்து, தடவிப் பார்த்துச் செருகும்போது இது மாறிப்போவது சகஜம்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: ரன் பெட்டி]

இது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். விண்டோஸ் கீயோடு ஆர் எழுத்தை அழுத்துங்கள். வரும் பெட்டியில் எம் எம் எஸ் ஒய் எஸ், புள்ளி, சி பி எல் என்று இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டினால் பழைய சவுண்ட் ஜன்னல் திறக்கும். பிளேபேக் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு ஏதாவது பாட்டை ஓட விடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு இருக்கிறது பாருங்கள், சத்தம் அந்தப் பக்கம் போனால் அது பச்சையாக ஏறி இறங்கும். எனக்குத் தெரிந்து பாதிப் பிரச்சினையை இந்தக் கோடே சொல்லிவிடும்.

கோடு ஆடுகிறது, ஆனால் உங்கள் மானிட்டரின் பெயருக்கு நேராக ஆடுகிறதா? அப்படியானால் எதுவும் கெட்டுப்போகவில்லை. எச்டிஎம்ஐ கேபிள் படத்தோடு ஒலியையும் சுமக்கும், அதனால் மானிட்டரை மாட்டியதும் விண்டோஸ் சில சமயம் ஒலியையும் அங்கேயே திருப்பிவிடும், அந்த மானிட்டருக்குள் ஸ்பீக்கர் இருக்கிறதா இல்லையா என்ற கவலையெல்லாம் அதற்குக் கிடையாது. அணைக்க மறந்து அடுத்த அறையில் வைத்த ப்ளூடூத் ஹெட்போனும் இதே வேலையைச் செய்யும். உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து 'செட் டீஃபால்ட்' அழுத்துங்கள், முடிந்தது.

சரியான பெயருக்கு நேராகவே ஆடுகிறது, இருந்தும் சத்தம் இல்லையா? விண்டோஸ் தன் வேலையைச் செய்துவிட்டது. கோளாறு அதைத் தாண்டி, வயரிலோ துளையிலோ ஸ்பீக்கரிலோ. அதே துளையில் ஒரு ஹெட்போனைச் செருகிப் பாருங்கள், கேட்டால் ஸ்பீக்கரோ அதன் வயரோதான் குற்றவாளி. கேட்கவில்லை என்றால் பின்பக்கத் துளையில் மாற்றிப் பாருங்கள். கேபினட்டின் முன்பக்கத் துளை ஒரு தனி வயர் வழியாகத்தான் உள்ளே இருக்கும் முக்கிய போர்டான மதர்போர்டுக்குப் போகிறது, அது கழன்றிருக்கலாம்.

எந்தக் கோடும் ஆடவே இல்லையென்றால் பாட்டை ஓட விட்ட ஆப் சத்தமே அனுப்பவில்லை என்று சந்தேகப்படலாம். பிரவுசர் டேபில் ரைட் கிளிக் செய்து மியூட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் டாஸ்க்பாரில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தில் ரைட் கிளிக் செய்து வால்யூம் மிக்ஸர், அங்கே ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி அளவு உண்டு.

[திரையில்: டிவைஸ் மேனேஜர்]

பட்டியலில் ஸ்பீக்கர் பெயரே இல்லையா? காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, முடக்கிய கருவிகளையும் காட்டச் சொல்லுங்கள். அங்கேயும் இல்லையென்றால்தான் டிரைவர் பக்கம் போக வேண்டும். கம்ப்யூட்டரின் கருவிகளையெல்லாம் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் ஒலிப் பிரிவில் அதை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் விண்டோஸே திரும்பப் போட்டுக்கொள்ளும். அப்டேட் வந்த பிறகு ஆரம்பித்த தொல்லை என்றால் பழைய டிரைவருக்கே திரும்பும் 'ரோல் பேக் டிரைவர்' இன்னும் நல்லது.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் மதர்போர்டில் உள்ள ஒலிச் சிப்பே போயிருக்கலாம். அதற்காக போர்டை மாற்ற வேண்டாம், ஒரு சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்டு போதும், அதற்குள் தனிச் சிப் இருக்கிறது. செருகியதும் அதே பிளேபேக் பட்டியலில் புதுப் பெயர் ஒன்று வரும், அதை டீஃபால்ட் ஆக்க மறந்துவிட்டு எனக்குக் கமெண்ட் போடாதீர்கள்.